மேரி அம்மா நாளைக்கு வருவாங்க

மைதாப் பசையின் அந்தப் புளித்த வாடை எங்கே வந்தாலும், சுவரொட்டி ஒட்டுகிறவர் பக்கத்தில் நிற்க நேர்ந்தால்கூட, நான் இன்றைக்கும் அங்கிருந்து நகர்ந்துவிடுவேன். ஆவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் யூகேஜி படித்த வகுப்பறை முழுக்க அந்த வாடைதான்.

எங்கள் ஸ்டெல்லா டீச்சர் புதிதாகப் பயிற்சி முடித்து வந்தவர். மற்ற வகுப்புகளில் பிள்ளைகள் ஒரே எழுத்தை நாளெல்லாம் சிலேட்டில் எழுதி அழித்துக்கொண்டிருக்க, எங்கள் வகுப்பில் மட்டும் தினம் ஒரு சார்ட் தாள் சுவரில் ஏறும். யாராவது ஒரு பிள்ளை வீட்டுச் "சேதி" சொல்ல வேண்டும். ஆடு குட்டி போட்டது, அண்ணன் மாமரத்திலிருந்து விழுந்தான், எதுவானாலும் சரி. அதை எல்லோரும் சேர்ந்து, ஒரே ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கைமாற்றி, ஆளுக்கு ஓர் எழுத்தாக எழுதுவோம். எங்களுக்கு வராத எழுத்தை டீச்சர் எழுதுவார். தப்பாகிவிட்டால் வெள்ளைத் தாள் துண்டில் பசை தடவி அதன்மேல் ஒட்டி, திரும்ப எழுதச் சொல்வார்; அந்தத் துண்டுக்கு நாங்கள் வைத்த பெயர் "பிளாஸ்திரி". மறுநாள் காலை முதல் வேலை, சுவரில் இருக்கும் பழைய சேதிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சத்தமாகப் படிப்பது.

என் முறை வந்தபோது என்னிடம் ஆடும் இல்லை, அண்ணனும் இல்லை. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் அழும்போதெல்லாம் அப்பா, "ஒங்கம்மா நாளைக்கு வந்துருவாத்தா" என்பார். அதையே நான் பெருமையாக எழுந்து நின்று சொன்னேன். டீச்சருக்கு எங்கள் வீட்டு விவரம் என்ன தெரியும்? சந்தோஷமாகத் தாளை ஒட்டிவிட்டார். அம்மாவின் 'அ'வை நான் எழுதினேன். 'ளை'யைச் சேவியர் என்ற பையன் திருப்பி எழுதி, அதற்கு ஒரு பிளாஸ்திரி விழுந்தது. கடைசியில், "மேரி அம்மா நாளைக்கு வருவாங்க" என்று கோணலும் மாணலுமாக வந்துவிட்டது. மேரி என் பெயர்.

மறுநாள் வகுப்பே அதைப் படித்தது. அதற்கு மறுநாளும் படித்தது. அத்தனை பிள்ளைகள் வாயால் சொன்னால் நடக்காமலா போகும் என்று நான் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் போய் நிற்பேன். இரண்டு வாரம் கழித்துச் சேவியர்தான், "டீச்சர், நேத்தும் நாளைக்குன்னுதான படிச்சோம்" என்றான். அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

அப்பா ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "அந்தத் தாளக் கழட்டிருங்க டீச்சர். புள்ள வீட்டுலயும் அதையே படிக்குது" என்றார். அம்மாவிடமிருந்து போன் வருவது நின்று போயிருந்ததும், வேலை பார்த்த வீட்டில் அவர் இப்போது இல்லை என்று புதுக்கோட்டை ஏஜென்ட் கைவிரித்துவிட்டதும் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

டீச்சர் தாளைக் கழற்றவில்லை. "எல்லாரும் சேர்ந்து எழுதுனது, எல்லாரும் சேர்ந்து திருத்துவோம்" என்று 'நாளைக்கு' முழுவதையும் மறைத்து ஒரு நீளமான பிளாஸ்திரி ஒட்டினார். "நாளைக்கு இல்லன்னா எப்பன்னு எழுதலாம்?" என்று கேட்டார். கிறிஸ்மஸ் என்றது ஒரு பிள்ளை, திருவிழா என்றது இன்னொன்று. "எங்க அத்தையும் இப்பிடித்தான் போச்சு. வரவே இல்ல" என்றான் சேவியர்.

டீச்சர் பேனாவை என்னிடம் நீட்டி, "நீ சொல்லு மேரி, அதையே எழுதுவோம்" என்றார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கே தெரியாதது எனக்கு எப்படித் தெரியும்? பேனாவின் முனை காயும்வரை பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வருஷக் கடைசிவரை, "மேரி அம்மா" என்று படித்துவிட்டு, வெள்ளைத் துண்டு வந்ததும் வகுப்பே ஒரு நொடி வாயை மூடும். பிறகு, "வருவாங்க" என்று முடிப்போம். யாரும் அப்படிப் படிக்கச் சொல்லித் தரவில்லை.

அந்தத் தாளைக் கரையான் தின்றுவிட்டது. டீச்சர் வேறு ஊருக்குப் போய்விட்டார். என் கல்யாணப் பத்திரிகையில் அம்மா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போட வேண்டுமா என்று அச்சகத்தில் கேட்டபோது, அப்பா வெளியே போய் நின்றுகொண்டார். இப்போது என் மகள் புதுக்கோட்டையில் யூகேஜி படிக்கிறாள். புள்ளி வைத்து அச்சடித்த எழுத்தின்மேல் தனியாக உட்கார்ந்து இழுக்கிறாள். ஒருவர் எழுத்தை இன்னொருவர் தொடுவதில்லை.

போன வாரம் குடும்பப் படம் ஒட்டி வரச் சொன்னார்கள். என் அம்மாவின் படத்துக்கு விட்டிருந்த கட்டத்தைக் காட்டி, "அம்மாச்சி எப்பம்மா வருவாங்க?" என்று கேட்டாள். கட்டிலில் படுத்திருந்த அப்பா, "நாளைக்கு வருவாங்கன்னு சொல்லேன்" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, "வர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷத்தில் என் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மகள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் பசை தடவ ஆரம்பித்தாள். அப்பா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.