கிளாலிக் காற்றும் உலக எண்ணெய் விலையும்

போன செவ்வாய்க்கிழமை காலை என் தம்பி நடராசா சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திவிட்டுப் பெடலைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தான். சைக்கிள் ஓடவில்லை. றேடியோ ஓடியது. பற்றரி கிடைக்காத ஊரில் டைனமோதானே கரண்ட்!

கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கி ஏறித்தான் அந்தச் செய்தி வந்தது — உலகச் சந்தையில் மசகு எண்ணெய் விலை விழுந்துவிட்டதாம்.

"அக்கா, இப்ப மண்ணெண்ணெய் வாங்காதை. இஞ்சையும் விழும். பொறு."

நான் பொறுப்பேன். வெங்காயம் பொறுக்குமா?

உரும்பிராய்ச் செம்மண்ணில் காய் பருக்கிற நேரம். தாள் நுனி மஞ்சளாகிவிட்டது. பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வெங்காயத் தாளை ஒரே பார்வையில் வாசிப்பேன். நாளைக்குள் தண்ணீர் போகாவிட்டால் பயிர் போய்விடும். அடுத்த நடுகைக்கு விதை வெங்காயமும் இராது.

இறைக்கிற மிசினை ஸ்ராட் பண்ணுவதற்கான சொட்டுப் பெற்றோலை மருந்துப் போத்தலில் பூட்டி வைத்திருக்கிறேன். பிறகு ஓடுவதற்கு மண்ணெண்ணெய் வேண்டுமே... கானைத் தூக்கிக்கொண்டு சந்திக் கடைக் கந்தையாவிடம் போனேன்.

"முடிஞ்சுது அக்கா."

"முடிஞ்ச கடை உப்பிடி மணக்குமே?"

கந்தையா பின்பக்கம் சாக்கு மூடியிருந்த எண்ணெய்ப் பரலைப் பார்த்தான். "அது வித்துப்போன சாமான்."

யாருக்கு விற்றான்? நாளைய விலைக்குத்தான்! எங்கள் சந்தை நிலவரம் இவ்வளவுதான் — சண்டையில் தரைப்பாதை பூட்டிக் கிடக்க, சாமான் வருகிற கிளாலிக் கடலில் படகு ஓடினால் விலை இறங்கும். காற்று எழும்பிப் படகு நின்றால் விலை ஏறும். அவன் காற்றுக்காகக் காத்திருந்தான்.

கெஞ்சுவது என் பரம்பரையில் இல்லை. கடை வாசல் வாங்குப் பலகையில் ஆறுதலாக இருந்து வெற்றிலையை மடித்தேன்.

"உலகத்திலை எண்ணெய் விலை விழுந்திட்டுதாம், கந்தையா. தம்பி றேடியோவிலை கேட்டவன். இஞ்சையும் விழுமெண்டு சொல்லுறான்."

"மெய்யே?"

போத்தலோடு வந்து நின்ற ஒரு பெண் காதைக் கொடுத்துக் கேட்டாள். "அப்ப நான் நாளைக்கு வாறன்" என்று வெறும் போத்தலோடு திரும்பிப் போய்விட்டாள்.

கந்தையா அவள் போன வழியைப் பார்த்தான். பரலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"உங்கடை கானைத் தாங்கோ அக்கா."

"வித்துப்போன சாமான் எண்டாய்?"

"வாங்கினவர் வரேல்லை."

அன்று பின்னேரம் மிசின் இருமி, வெள்ளைப் புகை கக்கி, ஒருவழியாக ஓடியது. கடைசிப் பாத்தி வரைக்கும் தண்ணீர் போனது. வெங்காயம் பிழைத்தது.

வியாழக்கிழமை காற்று எழும்பியது. கிளாலியில் படகு இல்லை. விலை பனை உயரம்! "பொறு" என்ற தம்பியே விளக்குக்கு ஒரு போத்தல் கேட்டு வந்தான். கொடுத்தேன். கூடப்பிறந்தவன் இருட்டில் இருந்தா செய்தி கேட்பது?

உலகத்தில் எண்ணெய் விலையை யார் யாரோ தீர்மானிக்கிறார்களாம். எங்களுக்குத் தீர்மானிப்பது காற்று. காற்றுக்கு ஏது றேடியோ?

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகையில் கந்தையா கடைக்குள்ளிருந்து கத்தினான். "அக்கா! விலை விழுந்திட்டுது எண்டியள்?"

நான் நடையைக் குறைக்கவில்லை.

"விழுந்ததுதான் கந்தையா. இஞ்சாலை வர அதுக்கும் படகு கிடைக்கேல்லை!"