பச்சைப் பிராணிக்கு மகள் இல்லை

போன ஞாயிறு முழுக்க மழை. வெள்ளவத்தை ஃபிளாட்டில் அடைந்து கிடந்தபோது, இன்டர்நெட்டில் அது அகப்பட்டது. கொட்டாஞ்சேனை வீட்டில் சின்ன வயதில் பார்த்த விண்வெளித் தொடர். அதிலும் நான் வருடக்கணக்காகத் தேடிய அதே எபிசோட்.

கீழே ரசிகர்கள் எழுதியிருந்தார்கள் – தொடரிலேயே படுமோசமானது இதுதானாம். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்த எபிசோட். அது எப்படி மோசமாகும்?

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டில் தமிழைத் தவிர வேறெதுவும் பேசமாட்டார். ஆங்கிலத் தொடர் ஓடினால், கொன்வென்டில் படித்த அக்காதான் பக்கத்தில் இருந்து தமிழில் சொல்வாள்.

அந்த எபிசோட் வந்த வாரம் வீட்டில் பெரிய இழுபறி. அக்காவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஹொஸ்டல், நைட் டியூட்டி என்றதும் அப்பா முடியாது என்றுவிட்டார். கையெழுத்துப் போடவேண்டிய ஃபோர்ம் அலமாரியில் அப்படியே கிடந்தது.

டீவியில், வேற்றுக்கிரகத்துப் பச்சைப் பிராணி ஒன்று கப்டன் முன்னால் நின்று கத்தியது. பக்கத்தில் ஒரு பெண்.

"தன்ர மகளைக் கப்பல்ல கூட்டிக்கொண்டு போகச் சொல்லுது அப்பா" என்றாள் அக்கா. "அவளுக்கு வைத்தியம் படிக்க ஆசையாம். தான் மறிச்சா, சாகுமட்டும் தனக்கு மனம் ஆறாதாம்."

அப்பா கண்ணைத் துடைத்தார். மறுநாள் காலையில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பார்த்தால்... பிராணியின் முதுகில் ஜிப் தெரிகிறது! அது கேட்பது களவுபோன தன் பச்சைக் கல்லை. அந்தப் பெண் மகளும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை – கல்லைத் திருடியவளே அவள்தான். இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். வைத்தியம் என்ற பேச்சே இல்லை.

அக்காவுக்குக் கோல் எடுத்தேன். ரிட்டயராகித் தெமட்டகொடையில் இருக்கிறாள்.

"ஏனக்கா, நீ அண்டைக்குச் சொன்னதெல்லாம் பொய்யோ?"

"ஓம். வேற என்ன செய்ய?" குரலில் கொஞ்சமும் கூச்சமில்லை.

"பாவம், இங்கிலீஷ் தெரியாத மனுசனை ஏமாத்திப்போட்டாய்."

அக்கா சிரித்தாள். "நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ட்ரெயினிங் முடிச்சு வார்டில நிக்கேக்க, ஒரு நாள் அப்பா என்னைப் பார்க்க வந்தவர். அங்க வெளிநாட்டுக் கப்பல்காரன் ஒருத்தன் கால் முறிஞ்சு கிடந்தவன். அவனோட அரை மணித்தியாலம் இங்கிலீஷில கதைச்சுச் சிரிக்கிறார். எனக்குக் கையும் ஓடேல்ல, காலும் ஓடேல்ல."

வருடக்கணக்காகக் கப்பல்காரர்களோடு வேலை செய்த மனிதர். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஏன் உறைக்கவில்லை?

"ஏன் சொல்லேல்ல எண்டு கேட்டனியோ?"

"கேட்டனான்." அக்காவின் குரல் இறங்கியது. "'நீ எவ்வளவு ஆசைப்படுறாய் எண்டு அண்டைக்குத்தான் பிள்ளை எனக்கு விளங்கினது' எண்டவர்."

எனக்கு அழுகை வந்தது.

இப்படியொரு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேற்றுக்கிரகத்து ஆட்களையல்லவா வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம்!