லாசரின் ஒற்றை ஓட்டு

லாசர் பாரிஸ் நகரசபை அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்தினார். கடைக்காரர்கள் வாசலில் பெயர்ப்பலகை மாட்டவும் மேசை போடவும் அவரிடம்தான் அனுமதி கேட்டு வருவார்கள். ஒருமுறை பூக்கடைக்காரி ஒருத்தியின் பெஞ்சு நாலு சென்டிமீட்டர் அகலம் கூடிவிட்டதென்று மறுத்துவிட்டார். அவள் சண்டை போடவில்லை. "இது யாருக்கு இடைஞ்சல், மிசியே?" என்று மட்டும் கேட்டாள். பென்ஷனில் போன பிறகும் அந்தக் கேள்வி லாசரை விடவில்லை.

அதிலிருந்து அவருக்கு ஒரு கொள்கை பிறந்தது. அடுத்தவனுக்குக் கெடுதல் இல்லாதவரை ஒருத்தன் தன் வாசலில் எதைச் செய்தாலும் சர்க்காருக்கு அங்கே வேலையில்லை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேல் பகுதியில் தேநீர் குடிக்கிற இடத்திலெல்லாம் இதைச் சொல்லித் திரிந்தார். சர்க்கார் பென்ஷனை வாங்கிக்கொண்டு சர்க்கார் வேண்டாம் என்கிறாரே என்று மனைவி சுசான் சிரிப்பாள்.

2025 மார்ச்சில் நகரசபை ஒரு வாக்கெடுப்பு வைத்தது. இன்னும் ஐந்நூறு தெருக்களில் கார்களை விலக்கிவிட்டு மரம் நடலாமா? லாசர் யோசிக்கவே இல்லை. வேண்டாம் என்று போடுவதாக முடிவு செய்துவிட்டார். வாக்கெடுப்புக்கு முதல் நாள் சனிக்கிழமை தர்மிளாவின் கடையில் அதை விளக்கினார். தர்மிளா யாழ்ப்பாணத்துக்காரி. ஓர் ஆள் அகலக் கடையில் ரோல்ஸும் தேநீரும் விற்கிறவள்.

"எங்கேயோ பதினஞ்சாம் வட்டாரத்துல இருக்கிறவன் உன் தெருவைப் பத்தி ஓட்டுப் போடறான். இது என்னம்மா நியாயம்?"

"அந்தாளாவது போடலாம் அண்ணை. எனக்குப் போடேலாது. என்னட்டை இருக்கிறது வெறும் கார்ட் து செஜூர், இஞ்சை தங்கிறதுக்கான அட்டை மட்டும்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப எனக்காக ஓம் எண்டு போட்டுவிடுங்கோ. கார் போனால் வாசலிலை ரெண்டு மேசை போடுவன். இஞ்சை உள்ளுக்கு நிண்டு சாப்பிடவே இடமில்லை."

"வேணாம்மா. அப்புறம் ரோட்டுல எல்லாத்தையும் நகரசபைதான் முடிவு பண்ணும்."

தர்மிளா எண்ணெயிலிருந்து ரோல்ஸை அள்ளித் தட்டில் போட்டாள். "இப்ப மட்டும் றோட்டு ஆற்றை சொத்து? கார் விடச் சொல்லிக் கோடு கீறினதும் நகரசபைதானே?"

லாசர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

ஞாயிற்றுக்கிழமை வாக்குச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தில் ஆம், வேண்டாம் என்ற இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போனவர் வெளியே வர வெகுநேரமானது. வேண்டாம் என்றால் தர்மிளாவின் வாசலைக் கார்களே வைத்துக்கொள்ளும். ஆம் என்றால் யார் தெருவையோ அவர் தீர்மானிப்பதாகும். போடாமல் திரும்பினால் அவளுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே ஓட்டும் இல்லை. பின்னால் யாரோ இருமினார்கள். கையில் மேலாக இருந்த சீட்டைப் பெட்டியில் போட்டார். அது ஆம்.

"என்ன போட்டீங்க?" என்று சுசான் கேட்டாள்.

"சொல்லக்கூடாது," என்றார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆம் வென்றது. போட வந்தவர்கள் நூற்றுக்கு நாலு பேர்தான். கொஞ்சம் பேர் எல்லாருக்கும் சேர்த்து முடிவெடுத்துவிட்டார்கள் என்று திட்ட வாயெடுத்தவருக்கு, அந்தக் கொஞ்சம் பேரில் தானும் ஒருவன் என்பது நினைவு வந்தது.

பிறகு தெருக்களைத் தேர்ந்தார்கள். தர்மிளாவின் தெரு அதில் இல்லை. இரண்டு திருப்பம் தள்ளி, வாமதேவன் மளிகைக்கடை வைத்திருக்கிற தெரு இருந்தது. குறுக்கே இரும்புத் தூண்கள் நட்டார்கள். அரிசி ஏற்றிவந்த வான் தெருமுனையிலேயே நின்றுவிட, அறுபது வயது வாமதேவன் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் இழுத்தார்.

"ஆர் அண்ணை இதுக்கு வோட்டுப் போட்டது?"

"நான் போட்டேன்," என்றார் லாசர்.

வாமதேவன் நம்பவில்லை. "பகிடி விடாதேங்கோ. நீங்கள் இதுகளுக்கு எதிரான ஆள் எண்டு ஊருக்கே தெரியும். எனக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. வான் உள்ளுக்கு வர அனுமதி வேணும்."

லாசர் அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து, யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை என்று இத்தனை நாள் சொன்ன அந்த அனுமதியை இரண்டு பக்கத்துக்குப் பணிவாகக் கேட்டு எழுதினார். எந்தப் பிரிவைக் குறிப்பிட வேண்டும், எந்த மேசைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆறு வாரத்தில் பதில் வந்தது. காலை பத்து மணிவரை வான் வரலாம். வாமதேவன் ஒரு கட்டு முருங்கைக்காயைக் கையில் திணித்தார்.

திரும்பும்போது அந்தத் தெரு நடுவில் ஒரு சின்னப் பெண் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள். லாசர் நின்று பார்த்தார். அதில் குறை சொல்ல அவருக்கு எதுவும் அகப்படவில்லை. அப்படியே தர்மிளாவிடம் போனார்.

"தெருவுல கார் ஓடினாலும் வாசல்ல ஒரு மேசைக்கு அனுமதி கேக்கலாம்மா. நான் விண்ணப்பம் எழுதித் தரட்டுமா?"

"எழுதுங்கோ அண்ணை. ஆனால் நீங்கள் அனுமதியே தேவையில்லை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"சொன்னேன். இப்பவும் அதேதான் சொல்றேன்," என்றார் லாசர். பிறகு குழப்பத்தோடு அளவு நாடாவைக் கேட்டு வாங்கி, குனிந்து வாசலை அளந்தார்.