முன்னும் பின்னும் போன ஷாஃப்ட்

தொண்ணூறுகளின் கடைசியில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு ஆலையின் கடல்நீர் பம்ப் ஹவுஸில் நான் பராமரிப்பு இன்ஜினியர். பட்டம் இருந்தது, திமிர் இருந்தது, மாலை ஐந்தரைக்கு ஊரப்பாக்கம் போகும் ஸ்டாஃப் பஸ் இருந்தது. மூன்றில் என்னை உண்மையில் ஆட்டிவைத்தது பஸ்தான்.

அங்கே இரண்டாம் நம்பர் பம்பை ஓட்டும் மோட்டார், ஆயுத பூஜைக்கு அடுத்த வாரம் ஒரு கெட்ட பழக்கத்துக்கு ஆளானது. ஒழுங்காகச் சுற்றவேண்டிய ஷாஃப்ட், சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போய்வந்தது. பேரிங் சுட்டது. எண்ணெய் கறுத்தது.

இந்த ரக மோட்டாரில் பால் பேரிங் கிடையாது. ஷாஃப்ட் ஒரு உலோக உறைக்குள் எண்ணெயில் மிதந்து சுற்றும். முன்பின் நகர மொத்தம் அரை அங்குலம் இடம் உண்டு. பம்பிலிருந்து கழற்றித் தனியாக ஓடவிட்டால், காந்த இழுப்பில் தனக்குப் பிடித்த இடத்தில் தானே நிற்கும். அந்த இடத்தைக் காட்ட ஷாஃப்ட்டில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு இருக்கும். கோட்டைப் பக்கத்திலுள்ள முள்ளுக்கு நேரே நிறுத்திப் பம்போடு இணைத்தால் வேலை தீர்ந்தது. தப்பான இடத்தில் இணைத்தால் காந்தம் ஒரு பக்கம் இழுக்கும், இரண்டையும் சேர்க்கும் கப்ளிங் மறுபக்கம் தள்ளும், ஷாஃப்ட் பேரிங்கின் பக்கச் சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும்.

பராமரிப்புக்காகக் கழற்றியிருந்த மோட்டாரைப் பூஜை முடிந்ததும் பம்போடு இணைத்தது நானும் ஒரு கான்ட்ராக்ட் ஃபிட்டரும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரன், என் வயசு, வாய் அடங்காது. "சார், இந்தக் கோடு ஒரு மாரியா கீது. தனியா ஒரு தபா ஓட்டிப் பாத்துக்கலாம்" என்றான். மணி ஐந்து. "செவப்பா கண்ணு முன்னாடி தெரியுது, போல்ட்டைப் போடுப்பா" என்றேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

மேனேஜர் காரணம் கேட்டபோது, 'ஃபிட்டரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே வரி. மறுநாள் காலை செக்யூரிட்டி அவனுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார். பாஸ் இல்லாவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. அது தெரிந்தேதான் எழுதினேன்.

மோட்டார் என் ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை போலிருக்கிறது. வேறொரு ஃபிட்டர் வந்து அதே கோட்டில் மறுபடி இணைத்தும் ஷாஃப்ட் ஆடியது. பம்பைத் திட்டினேன், அஸ்திவாரத்தைத் திட்டினேன், கடல் காற்றைக்கூட விடவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓடவிட்டேன். சமர்த்தாக ஓரிடத்தில் நின்று சுற்றியது. சிவப்புக் கோடு மட்டும் முள்ளைவிட்டுக் கால் அங்குலம் தள்ளி இருந்தது.

நிறுத்திவிட்டு நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் இல்லை, எண்ணெயில் ஊறி இறுகிய குங்குமம். பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருந்த சந்தனத்தைச் சுரண்டினால் அடியில் நிஜமான பெயின்ட் கோடு. பூஜையன்று போட்டோ எடுக்கிறார்கள் என்றதும், ஷாஃப்ட்டைச் சுற்றிச் சந்தனம் பூசி, ஓரத்தில் குங்குமக் கோடும் இழுத்த பக்திமான் வேறு யாருமில்லை, கோயில் பக்கமே போகாத நான்தான்.

மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொல்லி, "தப்பு என்னோடது சார், அவன் பாஸைக் குடுத்துடுங்க" என்றேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமானது. பாஸை என் கையில் கொடுத்து, "நீயே போய்க் குடு" என்றார்.

அவன் கோவளத்தில் தன் மச்சானின் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குங்குமக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பாஸை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வரேன். அடுத்த தபா நான் சொன்னா கேப்பியா சார்?"

"கேக்கறேன்பா."

"வாயில சொல்லாத. என்னைப் பத்தி எழுதின மாரியே எழுதிக் குடு."

சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் இன்ஜினை மூட ஆரம்பித்தான்.