ஆக்டிங் தம்பி

என் பீரோவின் கைப்பிடியில் காக்கி நிறத்தில் ஒரு கிதார் வார் தொங்குகிறது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவின் பழைய கான்வாஸ் பெல்ட்டை ஒட்டுப்போட்டுத் தைத்து, என் பேஸ் கிதாருக்கு நானே மாட்டியது. போன மாதம் வரைக்கும் அது என் தம்பியின் தோளில் இருந்தது.

ஹைதராபாத் அல்வால் குவார்ட்டர்ஸில் எங்கள் ஹெவி மெட்டல் குழுவைத் தொடங்கியவன் நான். எல்லோரும் சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுப் பிள்ளைகள். முடியை வளர்த்தோமே தவிர, நடப்பெல்லாம் ஆபீஸ் நடப்புதான். ஒத்திகைக்கு வர முடியாவிட்டால் முறையாக லீவு சொல்ல வேண்டும். எனக்கு வேலை கிடைத்து வெளியூருக்குப் பயிற்சிக்குப் போக நேர்ந்தபோது, பக்கத்து வீட்டுக்காரனான எங்கள் பாடகன் தீர்ப்புச் சொன்னான்: "டென்ஷன் நக்கோடா, கவலையே வேணாம். போஸ்ட் உன்னோடது. நீ வர்ற வரைக்கும் உன் தம்பி ஆக்டிங், அவ்ளோதான்." கிதாரையும் வாரையும் தம்பியிடம் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். பயிற்சி முடிந்து ஊர் ஊராக மாற்றல். திரும்பிவந்து உப்பலில் வீடு கட்டியபோது குழுவுக்குப் பெயர் வந்திருந்தது, தம்பிக்கும்தான். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்!

அவன் என்னைவிட நன்றாக வாசித்தான். நான் வாசித்தபோது "பாத்திரக்கடை உருளுதா?" என்று கத்திய அம்மா, அவன் வாசிக்கும்போது குக்கரை இறக்கிவைத்துவிட்டுக் கேட்பாள். எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. ஒவ்வொரு மேடையிலும் பாடகன் தம்பியின் பெயரைச் சொல்லிவிட்டு, "ஆக்டிங்!" என்பான். கூட்டமும் சிரித்தபடி "ஆக்டிங்! ஆக்டிங்!" என்று கத்தும். கடைசி வரிசையில் நிற்கும் எனக்கு அது போதும். என் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் மாதாப்பூரில் புது ஆல்பம் வெளியீடு. மேடையில் எல்லாம் நரைத்த தலைகள், டிரம்மர் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். எதிரே சாப்ட்வேர் பிள்ளைகள் தலையை ஆட்டிக் கூத்தடித்தார்கள். முதல் பாட்டு தம்பியின் பேஸோடு தொடங்கியது, வேறு எந்தச் சத்தமும் இல்லாமல். தரை அதிர்ந்தது. என் வயிறு எரிந்தது. தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் சாமி கும்பிடுகிற அதே வாய், ஒரு தந்தியாவது அறுந்து தொலையட்டும் என்று முணுமுணுத்தது. ஒன்றும் அறுந்துவிடவில்லை. பாடகன் ஒவ்வொருவராக அறிமுகம் செய்தான். தம்பியின் பெயரைச் சொன்னான். அடுத்த சொல்லுக்குக் காத்திருந்தேன். அவன் டிரம்மரிடம் போய்விட்டான்.

"ஆக்டிங் எங்கடா போச்சு?" என்று மேடைக்குப் பின்னால் தம்பியிடம் கேட்டேன், சிரிக்கிற மாதிரி.

அவன் சிரிக்கவில்லை. "நான்தான் சொல்ல வேணாம்னேன். ஆபீஸ்லயே ரிட்டயர் ஆயிட்டேன் அண்ணா. இங்க இன்னும் ஆக்டிங்காவே இருக்கணுமா?"

அப்போதுதான் பார்த்தேன், அவன் தோளில் புதிதாக ஒரு தோல் வார். பையைத் திறந்து காக்கி வாரை எடுத்து என் கையில் வைத்தான். "இது உன்னோடது."

இன்று காலை அதைத் தோளில் மாட்டிப் பார்த்தேன். தம்பி கிதாரைத் தொடைவரைக்கும் இறக்கி வாசிப்பவன். எனக்கு நெஞ்சருகே இருக்க வேண்டும். வாரைச் சுருக்க இழுத்தேன். பக்கிள் துருவேறி இறுகியிருந்தது. தேங்காயெண்ணெய் விட்டு, ஊறவைத்து, மறுபடி இழுத்தேன். அவன் அளவிலிருந்து அது அசையவில்லை.