பஷீர் விட்ட கயிறு

சபையில் என்னைத் தெரிந்தவர்களுக்கு என் சந்தேகப் புத்தியும் தெரியும். பக்கத்தில் ஜெபிக்கிறவர் நிஜமாகவே கண்ணை மூடியிருக்கிறாரா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனைக் கர்த்தர் கடலில் ஒரு முக்கு முக்கி எடுத்தார். அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். நான் சொன்ன பொய்யும் இதில் வரும். என் சம்சாரம் எஸ்தர் அதோ பெண்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் ஏதாவது விட்டுவிட்டால் அவள் எழுந்து சொல்லிவிடுவாள்.

அறுபத்தெட்டாம் வருடம். நம் விருத்தாசலத்தில் தீயணைப்பு நிலையத்தில் ஃபயர்மேன் வேலை, சேர்ந்து ஆறு வருடம். அதற்கு முன்னால் ஐந்து வருடம் பீங்கான் சூளையில் கிடந்தேன். சூளைச் சுவரில் பார்ப்பதற்கு ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்து, உள்ளே ஜாடி வெந்ததா வெடித்ததா என்று சொல்ல வேண்டும். வெளிச் சுவரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பழக்கம் எனக்கு மனிதர்களிடமும் வந்துவிட்டது. யார் சிரித்தாலும் உள்ளே என்ன வேகிறது என்றுதான் பார்ப்பேன்.

எங்கள் நிலையத்துக்குத் தீயை விடக் கிணறுதான் அதிகம். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் மாடு விழுந்துவிட்டது என்பார்கள், இன்னொரு பக்கம் ஆள் விழுந்துவிட்டான் என்பார்கள். இடுப்பில் கயிறு கட்டி இறங்குவேன். மேலே நாலு பேர் பிடித்திருப்பார்கள். கயிறு விறைப்பாக இருந்தால் ஆள் பத்திரம், தொய்ந்தால் ஆபத்து. கிணற்று வேலையில் எங்களுக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான். எப்போதும் கயிற்றில் தொங்கியே வேலை பார்த்ததால், எனக்கு நீச்சல் தெரியாது என்பது யாருக்கும் தெரியாமல் போயிற்று. வேலைக்குச் சேரும்போது தெரியும் என்று சொல்லிவிட்டேன். மணிமுத்தாற்றில் மணலைத் தவிர ஒன்றும் இல்லாத மாதம் அது. எங்கே கொண்டுபோய்ச் சோதிப்பார்கள்?

அந்த வருடம் ஆனி மாதம் ஒரு உத்தரவு வந்தது. ஐப்பசியில் புயல் வந்தால் கடற்கரை ஆட்கள் மட்டும் போதவில்லை, அதனால் கடலோரம் இல்லாத நிலையங்களிலிருந்தும் இரண்டிரண்டு பேர் கடலூருக்கு வந்து கடலில் ஆளை மீட்கப் பழக வேண்டும் என்று. பத்து நாள் பயிற்சி. போய் வந்தவர்களுக்கு லீடிங் ஃபயர்மேன் ஆக்குவதில் முதலிடம் என்று பேச்சு. நான் பெயர் கொடுத்தேன். மங்கலம்பேட்டை பஷீரும் கொடுத்தான். எனக்கு நாலு வயது இளையவன். நிலையத்துக்குப் பின்னாலிருந்த வீடுகளில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவனுடையது. பதவி ஒன்றுதான், ஆள் இரண்டு பேர். அன்றைக்கே அவனை நான் துளை வழியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

எஸ்தரிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"நீச்சல் தெரியாம கடலுக்கு எதுக்குங்க போறீங்க? ஆபீசரு கிட்ட உண்மையச் சொல்லிடுங்க."

வாயை மூடிக்கொண்டு இரு, வெளியே தெரிந்தால் வேலையே போய்விடும் என்று அதட்டினேன். அவள் மறுபடி பேசவில்லை. ஒத்துக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமான ஆண்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்.

ஒரு வாரத்தில் ஆபீசர் என்னைக் கூப்பிட்டு ஒரு மொட்டைக் கடுதாசியை நீட்டினார். "சாமுவேலுக்கு நீச்சல் தெரியாது. கடலுக்கு அனுப்பினால் அந்தப் பாவம் உங்களைச் சேரும்." கையெழுத்து இல்லை. உண்மையா என்று கேட்டார். எவனோ பொறாமையில் எழுதியிருக்கிறான் சார், எனக்கு நன்றாக நீந்த வரும் என்றேன். போன ஞாயிறுதான் திருவிருந்தில் அப்பம் வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். அதே வாய்தான் பொய் சொன்னது.

கடுதாசி துணிக்கடைப் பில் தாளில் எழுதியிருந்தது. மேலே அச்சடித்த பெயரைக் கிழித்திருந்தார்கள். ஆனால் ஊர்ப் பெயரில் பாதி மிச்சம் நின்றது. மங்கலம்பேட்டை. பஷீரின் மாமனாருக்கு அங்கே துணிக்கடை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தேகப்படுகிறவன் கேட்கமாட்டான், கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடுமே.

ஆடி பிறந்ததும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கடலூர் போனோம். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். குடிக்காமல் வைத்தேன். முதல் நாளே இன்னொன்று செய்தான். கடலில் குதிக்கிற ஆளுக்கு ஒருவர், கயிறு பிடிக்க ஒருவர் என்று ஜோடி பிரித்தார்கள். எனக்கு வேறு ஊர்க்காரர் ஒருவர் ஜோடி. பஷீர் எழுந்து போய், "அண்ணன் கயித்த நானே புடிக்கிறேன் சார், ஒரே ஸ்டேஷன்" என்று கேட்டு மாற்றிக்கொண்டான். நீச்சல் தெரியாது என்று எழுதினவன் என் கயிற்றைக் கேட்டு வாங்குகிறான் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள்.

பாடம் சொல்லிக்கொடுத்தவர் விசைப்படகு ஓட்டுகிற சாரங்கு ஒருவர். ஐம்பது வயசு, அதிகம் பேசமாட்டார். முதல் மூன்று நாள் கரையிலேயே முடிச்சு, மிதவை, கயிறு என்று காட்டினார். நான் கேட்டது பாதிகூட இருக்காது. பஷீர் எங்கே நிற்கிறான், யாரிடம் பேசுகிறான் என்பதிலேயே என் கண் இருந்தது. மூன்றாம் நாள் அவர் கிணற்றைப் பற்றியும் படகின் அடியைப் பற்றியும் ஏதோ சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். வகுப்பு முடிந்ததும் பஷீர் அவரைத் தனியாக அழைத்துப் போய், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை ஏதோ கேட்டான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சரிதான், இவரையும் வளைத்துவிட்டான் என்று முடிவு செய்தேன்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், காயப்போட்ட வலைகளுக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டேன். என்னைக் காப்பாற்றும் என்று ஜெபித்திருக்கலாம். பொய்யை மன்னியும் என்று ஜெபித்திருக்கலாம். நான் கேட்டது இதுதான்: "ஆண்டவரே, என் சத்துரு யாருன்னு எனக்குக் காட்டும். அவன் கையப் புடிச்சுக் காட்டும்." நான் ஜெபித்ததிலேயே கேவலமான ஜெபம் அது. ஆனால் பரலோகத்தில் அதையும் கேட்டார்கள்.

நாலாம் நாள் கடலுக்குள் போனோம். கரைக்காற்று படகைத் தள்ளிக்கொண்டே இருந்தது. உமி நிரப்பின சாக்கு ஒன்றைத் தூக்கித் தண்ணீரில் போட்டார்கள். அதுதான் முழுகுகிற ஆள். அதைப் பிடித்து வர வேண்டும். தக்கை வைத்த ஜாக்கெட் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டேன். தக்கை இருக்கிறதே, எப்படியும் மிதப்போம் என்று ஒரு தைரியம். பஷீர் முடிச்சை இழுத்துப் பார்த்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டு நானே இழுத்துப் பார்த்தேன். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குதித்தேன்.

நீந்தத் தெரிந்தவன் மேலே வந்ததும் படகை விட்டு விலகுவான். எனக்கு விலகத் தெரியவில்லை. கையைக் காலை உதறினேன். ஓர் அலை படகைத் தூக்கியது. அந்தச் சந்தில் நான் அதன் அடியில் போய்விட்டேன். தலை பலகையில் இடித்தது. இருட்டு. வாயெல்லாம் உப்பு. தக்கை என்னை மேலே தூக்குகிறது, மேலே படகின் அடிப்பலகை. இடுப்புக் கயிறு அடி வழியாக வளைந்து விறைத்து என்னை அங்கேயே பிடித்து வைத்திருக்கிறது. விறைத்திருக்கிறதே, இப்போது இழுப்பான், இழுத்தால் வெளியே வந்துவிடுவேன் என்று நினைத்தேன். கிணற்றுக்காரன் புத்தி.

அப்போது கயிறு தொய்ந்தது. கொஞ்சமாக அல்ல, முழுசாக. மறுமுனையை விட்டுவிட்டான் என்று என் இடுப்புக்குத் தெரிந்தது.

கொன்றுவிட்டான், நான் நினைத்தது சரி. எனக்கு வந்த கடைசி யோசனை அதுதான். சாகிற நேரத்திலும் நான் நினைத்தது சரி என்பதில் ஒரு அற்பத் திருப்தி இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதற்கப்புறம் யோசனையே இல்லை. இயேசுவே என்று ஒரு வார்த்தை. அதுவும் வாயில் வரவில்லை, உள்ளேதான்.

அடுத்த அலை என்னைப் பலகையோடு உரசித் தள்ளியது. படகின் மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது. தக்கை என்னை மேலே தூக்கியது. மூச்சு வந்தது. நிமிர்ந்து பார்த்தால் அந்தப் பக்கத்து விளிம்பில் பாதி உடம்பு வெளியே தொங்க, பஷீர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறான். என் ஜாக்கெட்டைப் பிடித்தவன் சாரங்கு வந்து தூக்குகிற வரைக்கும் விடவில்லை.

கரையில் வாந்தி எடுத்து முடித்ததும் என் முதல் பேச்சு, இவன் என் கயிற்றை விட்டுவிட்டான் என்பதுதான். எல்லோரும் கேட்கும்படி சொன்னேன். பஷீர் நனைந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சாரங்குதான் என் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார்.

"நேத்து நான் என்ன சொன்னேன்? கயிறு படகுக்கு அடியில பூந்துட்டா இழுக்கக் கூடாது, வுட்டுடணும்னு சொன்னனா இல்லியா? கெணத்துல இழுக்கிற மாதிரி இழுத்திருந்தா ஒன்ன பலகையிலயே ஒட்ட வச்சிருப்போம். இந்தத் தம்பி ரெண்டு தடவ கேட்டுட்டுப் போச்சு. கெணத்துக் கை, பழக்கத்துல இழுத்துடுமோன்னு பயமா இருக்குதுன்னு சொல்லுச்சு. நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அப்போதும் என் புத்தி முழுசாகத் திருந்தவில்லை. சரி, உயிரைக் காப்பாற்றினான், ஆனால் கடுதாசி எழுதினது எழுதினதுதானே என்று ஓடியது. சாயங்காலம் அவனிடம் நேராகவே கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே" என்றான். பொய் என்று பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு நெற்றியில் தையல் போட்டு மறுநாளே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் எஸ்தர் என் நெற்றிக் கட்டைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். கடுதாசி எழுதினவன் கையாலேயே பிழைத்து வந்திருக்கிறேன் பார் என்றேன். அவள் அழுதுகொண்டே பேசினாள்.

"அது நான் எழுதச் சொன்னதுங்க. எனக்கு எழுதத் தெரியாதே, பஷீர் சம்சாரம்தான் எழுதிக் குடுத்துச்சு. அப்பவும் உங்கள அனுப்புறாங்கன்னு தெரிஞ்சதும் அந்தத் தம்பிகிட்ட போயி அழுதேன். நீங்க சொன்னது அண்ணனுக்குத் தெரிய வேணாம், அவரு கோவப்படுவாரு, அவரு கயித்த நானே புடிச்சுக்கிறேன் அண்ணின்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

தாள் அவன் வீட்டுத் தாள்தான். கயிற்றை அவன் கேட்டுத்தான் வாங்கினான். சாரங்கிடம் தனியாகப் பேசத்தான் பேசினான். நான் கண்டுபிடித்தது ஒவ்வொன்றும் நிஜம். அர்த்தம் மட்டும் அத்தனையும் தப்பு. என் சத்துருவைக் காட்டும் என்று கேட்டேன் அல்லவா? கர்த்தர் காட்டினார். ஆறு வருடமாக அவன் என் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான்.

அன்றைக்கே ஆபீசரிடம் போய் உண்மையைச் சொன்னேன். வேலை போகவில்லை, அது கிருபை. லீடிங் ஃபயர்மேன் பஷீருக்குப் போனது, அது நியாயம். அவன் திரும்பி வந்ததும் அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "உள்ள வாங்கண்ணே, டீ ஆறிடும்" என்றான். அந்தத் தடவை குடித்தேன்.

அடுத்த கோடையில் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு பம்புசெட்டுக் கிணற்றில் நீச்சல் கற்றேன். வயது முப்பத்தாறு. கரையில் உட்கார்ந்து சிரிக்காத ஆள் இல்லை. கயிறு பஷீரிடம். கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யவிட்டான்.

இப்போது வருடா வருடம் புயலுக்கு முன்னால் கடலூரில் புது ஆட்களைப் பழக்க எங்கள் இரண்டு பேரையும் அனுப்புகிறார்கள். என் சந்தேகப் புத்தி போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அது இருக்கிறது. கர்த்தர் அதற்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். போன மாதம்கூட, உங்களில் யாருக்கு நீச்சல் தெரியாது என்று புது ஆட்களைக் கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. நான் நம்பவில்லை. என் கையைத் தூக்கி, நீச்சல் தெரியாமலே ஆறு வருடம் தெரியும் என்று சொல்லித் திரிந்தவன் நான் என்று சொன்னேன். பின்வரிசையில் ஒரு கை மெல்ல எழுந்தது. பிறகு இன்னும் இரண்டு. பஷீர் கயிற்றை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கம் போனான்.

என் ஜனங்களே, நீங்கள் யார்மேல் சந்தேகப்பட்டு ஜெபிக்கிறீர்களோ, அவர் கையில்தான் உங்கள் கயிறு இருக்கும். நம்புங்கள். உங்களில் யாருக்காவது கை தூக்க வேண்டிய காரியம் ஏதாவது இருந்தால், படகில் ஏறுகிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். இப்போதே தூக்கிவிடுங்கள். நான் ஒரு கண்ணைத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.