இடுப்பு ஒரு கம்பெனி, கண் ஒரு கம்பெனி

லொரெட்டா ஹுடாக் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், எதிரில் இருப்பவர் முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். அதுவரை அந்தக் கைகள் ஒரு நிமிடம் சும்மா இருந்திருக்காது. காப்பீட்டுக் கம்பெனிகளின் தடித்தடியான புத்தகங்களைப் புரட்டி, பொடி எழுத்தை வரி வரியாகத் தடவிப் படித்துக் காட்டியிருக்கும். கைகள் உள்ளே போனதும் அவர் ஜன்னலைப் பார்க்கத் தொடங்குவார். நூலகத்தின் கீழ்த்தள ஜன்னல் அது. தெருவில் போகிறவர்களின் கணுக்கால்கள் மட்டும்தான் அதில் தெரியும்.

"நீங்க என் எடத்துல இருந்தா எத எடுப்பீங்க, மிஸஸ் ஹுடாக்?"

"ஒங்க எடத்துல நான் இல்லையே. முட்டி ஒங்களோடது, டாக்டரு ஒங்களோடது. நான் படிச்சுக் காட்டுற ஆளு, அவ்வளவுதான்."

எழுபத்து மூன்று வயது. பென்சில்வேனியாவின் இந்தப் பழைய நிலக்கரி ஊரில், கால்சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் பாக்கெட் தைத்தவர். இலையுதிர் காலம் வந்தால் செவ்வாயும் வியாழனும் நூலகத்துக்கு வந்துவிடுவார். அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள் முதியோருக்கான அரசின் மருத்துவக் காப்பீடான பழைய மெடிகேர் அட்டையிலேயே இருப்பதா, அரசுப் பணத்தில் நடக்கும் தனியார் திட்டம் ஒன்றுக்குப் போவதா என்று டிசம்பர் ஏழுக்குள் சொல்லியாக வேண்டும். அந்தக் குழப்பத்தில் தவிப்பவர்களுக்குக் கூலி வாங்காமல் உதவுவதுதான் இவர் வேலை. உதவலாம், ஆனால் இதை எடு என்று சொல்லக்கூடாது என்பது சட்டம். மற்ற தொண்டர்கள் புருவத்தை ஏற்றியாவது சொல்லிவிடுவார்கள். லொரெட்டாவுக்குப் புருவம்கூட அசையாது.

அதற்குக் காரணம் ஸ்டாஷ் கோர்க்கா. சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரலில் கரி ஏறிய மனிதர். சக்கரம் வைத்த ஆக்சிஜன் உருளையை நாய்க்குட்டிபோல் இழுத்துக்கொண்டு வருவார். ஏழு வருடத்துக்கு முன்பு அவர் எதிரில் நான்கு புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தபோது, லொரெட்டாவுக்கு இருமல் வந்தது. தண்ணீருக்குக் கை நீட்டியபோது கட்டைவிரல் ஒரு புத்தகத்தின்மேல் ஊன்றிவிட்டது. ஜாடையாகச் சொல்கிறாள் என்று ஸ்டாஷ் அதையே எடுத்துக்கொண்டார். பல்செட் இலவசம். ஆனால் அந்தக் கம்பெனி பணம் கொடுக்கும் டாக்டர்களின் பட்டியலில் அவருடைய நுரையீரல் டாக்டர்தான் இல்லை. அடுத்த வருடம் முழுக்க, இரண்டு பஸ் மாறி, பக்கத்து நகரத்தில் முன்பின் தெரியாத டாக்டரிடம் மூச்சு வாங்கிக்கொண்டு போய் வந்தார்.

அவர் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. செவ்வாய்தோறும் கசகசா ரொட்டி வாங்கிக்கொண்டு வந்து, "இன்னிக்கு ஒன் கட்டைவெரல் எந்தப் பக்கம் போகுது, லொரெட்டா?" என்று கிண்டல் மட்டும் செய்வார். லொரெட்டா ரொட்டியை வாங்கிக்கொள்வார், சிரிக்கமாட்டார்.

அன்றிலிருந்துதான் கைகள் தொடைக்கு அடியில் போயின. புத்தகங்களைத் தையல் டேப்பால் அளந்து சம இடைவெளியில் வைக்கிறார். ஒன்று முன்னால் வந்துவிட்டால் அதுவும் ஜாடையாகிவிடுமாம். எல்லாத் திட்டத்தையும் ஒரே குரலில் படிப்பார். கம்பெனிக்காரன் அச்சடித்த டாக்டர் பட்டியலை நம்புவதில்லை. ஒவ்வொரு டாக்டர் வீட்டு வாசலுக்கும் போகாத குறையாக, தானே போன் போட்டுக் கேட்டுவிடுவார். காத்திருக்கும்போது போனில் ஓடும் பாட்டுகள் அவருக்கு மனப்பாடம். சர்ச் விற்பனைக்குப் பியெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடிக்கப் போனால் அதையே முணுமுணுப்பார்.

இந்த வருடம் ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. வாஷிங்டனில் ஒரு புதுப்பேச்சு: இனி அரசு ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு வவுச்சர் சீட்டு கொடுத்துவிடும், அதைக் கொண்டுபோய்த் தனியார் திட்டமோ பழைய மெடிகேரோ நீங்களே வாங்கிக்கொள்ளலாம். முடிதிருத்தும் ரே பலூகாவுக்கு இது தேன். "என் காலுக்கு எந்த ஷூன்னு வாஷிங்டன்காரனா சொல்லணும்? சீட்டக் குடு, கடைய நான் பாத்துக்கறேன்." தொழிற்சாலையில் சங்கத் தலைவியாக இருந்த ஐரீனுக்கு அது வேப்பங்காய். "இன்னிக்கு ரெண்டு காலுக்கும் ஷூ வாங்கற மாதிரிதான் குடுப்பான். பத்து வருஷம் போகட்டும், அதே சீட்டுக்கு ஒத்தக் கால் ஷூதான் வரும். மிச்சக் கால ரே வந்து செரைப்பானா?"

இருவருக்குமே லொரெட்டா தன் பக்கம் வேண்டும். அவர் சொன்னால் ஊர் கேட்கும். அவரோ இருவர் சொன்னதையும் ஒரே மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

யாருக்கும் சொல்லாத சங்கதி ஒன்று அவர் கைப்பையில் இருந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் வந்த கடிதம். அவரே சேர்ந்திருந்த தனியார் திட்டம் வருடக் கடைசியோடு இந்த மாவட்டத்தை விட்டுப் போகிறதாம். வசந்தத்தில் இடுப்பு எலும்பை மாற்றத் தேதி குறித்தாகிவிட்டது. வலது கண்ணுக்கு ஆறு வாரத்துக்கு ஒரு முறை ஊசி. தவறினால் பார்வை போய்விடும். இடுப்பு டாக்டர் ஒரு கம்பெனியின் பட்டியலில் இருந்தார். கண் டாக்டர் இன்னொன்றில் இருந்தார். பழைய அட்டைக்குத் திரும்பினால் இருவரிடமும் போகலாம். ஆனால் செலவில் ஐந்தில் ஒரு பங்கு தன் தலையில். அதைச் சமாளிக்கத் துணைக் காப்பீடு எடுத்தால், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்க முடியாது. எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்துவிட்டார். அவருக்குப் பயமாக இருந்தது.

நவம்பரில், தீயணைப்பு நிலையக் கூடத்தில் வாஷிங்டன் சபைக்கு இந்தத் தொகுதியிலிருந்து போன உறுப்பினர் கூட்டம் போட்டார். ரே ஒரு பக்கம், ஐரீன் ஒரு பக்கம், நடுவில் லொரெட்டா, வழக்கம்போல் கைமேல் உட்கார்ந்தபடி. இந்த ஊரில் திட்டம் தேர்ந்தெடுக்க உதவுகிறவர் இவர்தான் என்று யாரோ சொல்ல, மேடையிலிருந்தவர் மைக்கை இவரிடம் அனுப்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. தேர்ந்தெடுக்கற உரிமை நல்லதா, இல்லையா?"

லொரெட்டா எழுந்தார். இடுப்பு வலியில் அதற்கே சற்று நேரம் பிடித்தது.

"ஏழாம் தேதியோட கெடு முடியுது. டிசம்பர் எட்டாம் தேதி வந்து கேளுங்க," என்றார்.

கூடம் அதிர்ந்தது. ரேயின் ஆட்கள் கை தட்டினார்கள், ஐரீனின் ஆட்களும் கை தட்டினார்கள். அவர் தங்கள் பக்கம்தான் பேசினார் என்று இரு தரப்பும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் ஏழு, கடைசி நாள். நூலகத்தில் காலையிலிருந்து பதினொரு பேர். எல்லோருக்கும் படித்துக் காட்டி, எல்லோருக்கும் கையை ஒளித்து, மதியம் மூன்று மணிக்கு மேசை காலியானது. ஸ்டாஷ் மட்டும் ரொட்டிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் இப்போது பழைய அட்டைக்காரர். அவருக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை.

"ஸ்டாஷ், இந்தப் பக்கம் வந்து என் நாற்காலில உக்காரு."

"எதுக்கு? என்னையும் தொண்டனாக்கப் போறியா?"

"உக்காருன்னா உக்காரேன்."

உருளையை இழுத்துக்கொண்டு அவர் சுற்றி வந்து உட்கார்ந்தார். லொரெட்டா எதிர்ப்பக்கம் போய், வந்தவர்கள் உட்காரும் பச்சை நாற்காலியில் அமர்ந்தார். கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து வைத்தார். இரண்டு திட்டப் புத்தகம், பழைய அட்டையைப் பற்றிய தாள் ஒன்று. மூன்றையும் டேப்பால் அளந்து வரிசையாக வைத்தார். தனக்கே தான் படித்துக் காட்டியபோதும் குரல் மாறவில்லை.

"இடுப்பு ஒரு கம்பெனில இருக்கு, கண்ணு இன்னொரு கம்பெனில இருக்கு. ரெண்டும் சேந்து வேணும்னா வீட்டுக்குள்ள கோட்டு போட்டுக்கிட்டுத் தூங்கணும்."

ஸ்டாஷ் கிண்டல் செய்யவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்தார். நூலகம் மூட இரண்டு மணி நேரம் இருந்தது.

"ஸ்டாஷ்."

"ம்."

"நீ என் எடத்துல இருந்தா எத எடுப்பே?"

அவர் நிமிர்ந்து லொரெட்டாவைப் பார்த்தார். வலது கை மேசைமேல் சிறிது தூரம் வந்தது. கட்டைவிரல் ஒரு புத்தகத்தின் ஓரம்வரை போய் நின்றது. பிறகு கையைப் பின்னால் இழுத்து, மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, ஜன்னலில் போகும் கணுக்கால்களைப் பார்க்கத் தொடங்கினார்.